பாப்-அப் தொல்லை: முதலில் அது எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

கணினித் திரையின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. சிவப்பில் ஓர் ஆச்சரியக்குறி, எங்கோ பார்த்த ஆன்டிவைரஸ் கம்பெனியின் லோகோ, 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்குங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மூடினால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வருகிறது. பிரவுசரைச் சுருக்கி வைத்துவிட்டு எக்செல்லில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாலும் வருகிறது. இதைப் பார்க்கிற யாருக்கும் வைரஸ் ஏறிவிட்டது என்றுதான் தோன்றும். பயந்துபோய் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், அங்கே ஃபார்மேட் அடித்துத் தருவார்கள், பழைய போட்டோக்களும் அதோடு போய்விடும்.

அந்தப் பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு நொடி உற்றுப் பாருங்கள். செய்திக்கு அருகில், மங்கலான சாம்பல் நிற எழுத்தில் 'கூகுள் குரோம்' என்றும், பக்கத்திலேயே வாயில் நுழையாத ஓர் இணைய முகவரியும் இருக்கும். அதாவது இது வைரஸ் எச்சரிக்கையே இல்லை. ஏதோ ஒரு தளம் உங்களுக்கு அனுப்புகிற நோட்டிபிகேஷன். அந்தத் தளத்துக்கு எப்போதோ யாரோ இந்தக் கணினியில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் வருகிறது. குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டால் பெட்டி வருவது நின்றுவிடும். ஃபார்மேட்டும் வேண்டாம், புது ஆன்டிவைரஸும் வேண்டாம்.

தேவையில்லாத விளம்பரம் என்று நாம் ஒரே பெயரில் புலம்புகிற தொல்லை குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு வழிகளில் வருகிறது. ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு வேலை செய்யாது. அதனால் வழியைக் கண்டுபிடிக்காமல் 'கிளீனர்' தேடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். அந்தத் தேடலே பல நேரம் இன்னொரு ஆட்வேரில், அதாவது விளம்பரம் காட்டுவதற்காகவே கணினியில் புகுகிற மென்பொருளில், கொண்டுபோய் விடும், ஏனென்றால் 'ஆட்வேரை நீக்குவது எப்படி' என்று தேடுகிறவர்களைக் குறிவைத்தே போலி கிளீனர்களை விற்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இது எப்படி இவ்வளவு சிக்கலாயிற்று என்று புரியும். 1990களின் பிற்பாதியில் ட்ரைபாட் என்ற தளம் யார் வேண்டுமானாலும் சொந்தமாக இணையப் பக்கம் அமைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. அதில் ஒருவர் போட்டிருந்த ஆபாசமான பக்கத்தில் ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் வந்துவிட, அந்தக் கம்பெனி கொதித்துப்போனது. பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் விளம்பரம் வந்தால் இந்தச் சங்கடம் இருக்காதே என்று அங்கே வேலை பார்த்த ஈதன் ஸக்கர்மேன் நிரல் எழுதினார். பாப்-அப் பிறந்த கதை இதுதான். 2014-ல் அவர் 'தி அட்லான்டிக்' இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதி இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இணையம் முழுக்க விளம்பரக் காசை நம்பி நடப்பதுதான் ஆதிப் பிழை என்பது அந்தக் கட்டுரையின் வாதம். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

2000-களின் தொடக்கத்தில் தொல்லை தாங்காமல் பிரவுசர்கள் பாப்-அப்பைத் தடுக்க ஆரம்பித்தன. ஓபராவும் மொசில்லாவும் முந்திக்கொண்டன. 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கோடு இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கும் அந்த வசதி வந்தது. இந்தத் தடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். பயன்படுத்துகிறவர் எதையாவது கிளிக் செய்தால் மட்டுமே ஒரு பக்கம் புது ஜன்னலைத் திறக்கலாம், தானாகத் திறக்கக் கூடாது என்பது பிரவுசரின் விதி. நியாயமான விதிதான், வங்கித் தளங்கள் கூடச் சில நேரம் புது ஜன்னல் திறக்க வேண்டியிருக்கிறதே. ஆனால் விளம்பரக்காரர்கள் இந்த விதியில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். புதுப்படத்தைத் திருட்டுத்தனமாகப் போடுகிற தளங்களிலும், கிரிக்கெட்டை ஓசியில் காட்டுகிற தளங்களிலும் பிளே பட்டனை அழுத்தினால் படம் ஓடாமல் ரம்மி விளம்பரம் திறக்கிறது, திரும்பி வந்து மறுபடி அழுத்தினால் இன்னொன்று திறக்கிறது, மூன்றாவது தடவைதான் படம் ஓடுகிறது, கவனித்திருப்பீர்கள். பக்கத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கை விரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் எங்கே தொட்டாலும் அந்த அடுக்கைத்தான் தொடுகிறீர்கள். பிரவுசர் பார்வையில் அது நீங்கள் விரும்பிச் செய்த கிளிக், அதனால் ஜன்னலைத் திறந்துவிடுகிறது. பாப்-அப் பிளாக்கர் ஆனில் இருந்தும் ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இப்படித் திறக்கிற ஒவ்வொரு ஜன்னலுக்கும் தளக்காரருக்குக் காசு உண்டு, ஆயிரம் தடவைக்கு இவ்வளவு என்று. தொகை சொற்பம்தான், ஆனால் புதுப்படம் வெளியான அன்று வருகிற கூட்டத்துக்கு அது பெருந்தொகை. அதனால்தான் ஒரு முகவரியை முடக்கினால் அடுத்த நாளே இன்னொரு முகவரியில் முளைக்கிறார்கள்.

அப்புறம் 2015-ல் குரோமுக்குப் புஷ் நோட்டிபிகேஷன் வந்தது. தளத்தை மூடிய பிறகும் செய்தி அனுப்பலாம். செய்தித் தளங்களுக்கும் மெயிலுக்கும் நல்ல வசதி. ஆனால் ஏமாற்றுக்காரர்களுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது: ஒரே ஒரு தடவை 'அலவ்' வாங்கிவிட்டால் போதும், அந்த ஆள் திரும்பத் தளத்துக்கு வரவே வேண்டாம், விளம்பரம் அவரைத் தேடிப் போகும். அந்த ஒரு 'அலவ்' வாங்குவதற்காகவே பக்கங்கள் தயாராயின. 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்', 'வீடியோவைப் பார்க்க அலவ் அழுத்துங்கள்', 'டவுன்லோடு தொடங்க அலவ் அழுத்துங்கள்' என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்வது எல்லாத் தளத்திலும் பார்த்துப் பழகிய ஒன்று என்பதால் யாரும் யோசிக்காமல் அழுத்துவார்கள். இதில் ஏமாந்தவர்களை விவரம் இல்லாதவர்கள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன், விவரமானவர்களையும் ஏமாற்றத்தான் அந்தப் பக்கத்தை வடிவமைத்திருக்கிறார்கள். 2020-ல் ஃபயர்பாக்ஸ் இப்படித் தானாகக் குதிக்கிற அனுமதிக் கோரிக்கைகளை மறைத்து வைக்க ஆரம்பித்தது, குரோமும் மோசமான தளங்களின் கோரிக்கையை அடக்கி வாசிக்க வைத்தது. அதன் பிறகு குறைந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன் கொடுத்த அனுமதிகள் பழைய கணினிகளில் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

அடுத்த வழி எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் கூடுதல் வசதிக்காக நாம் சேர்த்துக்கொள்கிற குட்டி நிரல். இதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் இன்ஸ்டால் செய்தபோது அது உண்மையிலேயே நல்ல எக்ஸ்டென்ஷன். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று இருந்தது, திறந்து வைத்த டேப்களைத் தூங்கவைத்து ரேம் மிச்சம் பிடிக்கும், இருபது லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020-ல் அதை எழுதியவர் வேறு யாருக்கோ விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றே தெளிவில்லை. சந்தேகமான நிரல்கள் உள்ளே வந்தன, 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கானது என்று சொல்லி நீக்கியது. அதே 2020-ல் 'நேனோ ஆட்பிளாக்கர்' கதையும் நடந்தது, விளம்பரத்தைத் தடுக்கிற எக்ஸ்டென்ஷனே கைமாறிய பிறகு பயனர்களுக்கு எதிராகத் திரும்பியது. வீட்டை விற்கும்போது சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போல, எக்ஸ்டென்ஷனை விற்கும்போது நீங்கள் பழைய ஆளுக்குக் கொடுத்த 'எல்லாத் தளங்களிலும் உள்ளதைப் படிக்கலாம், மாற்றலாம்' என்ற அனுமதியும் புது ஆளுக்குப் போய்விடுகிறது. உங்களை யாரும் கேட்பதில்லை, அப்டேட் தானாக இறங்கும். பிரபலமான எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்களுக்கு 'விற்கிறீர்களா' என்று மெயில்கள் வந்துகொண்டே இருக்கும், அவர்களில் பலர் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் எழுதுகிறவர்கள், அதனால் விற்றவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நம் பக்கம் செய்யக்கூடியது எக்ஸ்டென்ஷன்களைக் குறைவாக வைத்துக்கொள்வது. எதற்கு வைத்தோம் என்று நினைவில்லாதது எதுவும் பிரவுசரில் இருக்க வேண்டாம்.

இன்ஸ்டாலர் வழி இதைவிடப் பழையது. 2000-களில் 'கேட்டர்' என்று ஒரு மென்பொருள் பாஸ்வேர்டு நிரப்பித் தருவதாகச் சொல்லி உள்ளே வந்து, நீங்கள் பார்க்கிற தளத்தின் மேல் வேறு யாருடைய விளம்பரத்தையோ காட்டும். 2002-ல் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் உள்ளிட்ட பதிப்பாளர்களே வழக்குப் போட்டார்கள். 'ஸாங்கோ' இன்னும் பெரியது: அதன் ஆட்வேர் 7 கோடி தடவைக்கு மேல் இன்ஸ்டால் ஆகி 690 கோடி பாப்-அப்களுக்கு மேல் காட்டியது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 2006-ல் 30 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். எத்தனை கோடிப் பாப்-அப், எவ்வளவு சின்னத் தொகை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இலவச மென்பொருளோடு டூல்பாரைச் சேர்த்துக் கட்டி அனுப்புவதற்கு இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று காசு கிடைக்கும். ஜாவா அப்டேட் போட்டால்கூட 'ஆஸ்க்' டூல்பாருக்கு டிக் போட்டே வந்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கும் தமிழ் டைப்பிங் மென்பொருளோ பிடிஎஃப் கன்வர்ட்டரோ பிரிண்டர் டிரைவரோ தேடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். தேடலில் மேலே வருவது பெரும்பாலும் அசல் தளம் இல்லை, ஏதோ ஒரு டவுன்லோடு தளம். அங்கே பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கிற நான்கு 'டவுன்லோடு' பட்டன்களும் விளம்பரம், அசல் இணைப்பு ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இன்ஸ்டால் செய்யும்போது 'ரெக்கமெண்டட்' என்பதை விட்டுவிட்டு 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதோடு சேர்ந்து என்னென்ன ஏறப்போகிறது என்று தெரியும், டிக்குகளை எடுத்துவிடலாம்.

பெரிய கம்பெனிகளே செய்த அத்துமீறலும் உண்டு, அது இன்னும் கோபப்பட வைப்பது. 2014-ன் பிற்பாதியிலிருந்து லெனோவா தன் லேப்டாப்கள் சிலவற்றில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருளை ஏற்றியே விற்றது. பாதுகாப்பான தளங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைக்க வேண்டும் என்பதற்காக அது, 'இந்தத் தளம் அசல்தான்' என்று பிரவுசரை நம்பவைக்கிற சான்றிதழைத் தன் சொந்தமாகவே கணினியில் பதித்தது, எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவியோடு. பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் கிரஹாம் அந்தச் சாவியின் பாஸ்வேர்டைச் சுலபமாக உடைத்துக் காட்டினார். அதாவது, ஒரே வைஃபையில் இருக்கிற வேறு யாரும் உங்கள் வங்கித் தளத்தைப் போலியாகக் காட்டலாம், பிரவுசரில் பூட்டுச் சின்னம் சரியாகவே தெரியும். நாலு விளம்பரத்துக்காகச் செய்த வேலை இது. 2017-ல் அமெரிக்க மாநிலங்களோடு 35 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2015 ஜூனில் பெங்களூரைச் சேர்ந்த தேஜேஷ் ஜி.என். என்ற நிரலாளர், ஏர்டெல் 3ஜி-யில் தன் சொந்தத் தளத்தைத் திறந்தபோது அதில் தான் எழுதாத ஒரு நிரல் புகுத்தப்பட்டிருப்பதைப் பார்த்து, நிரலாளர்கள் நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் ஆதாரத்தோடு போட்டார். டேட்டா எவ்வளவு செலவாகிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்டத்தான் என்று ஏர்டெல் சொன்னது. நிரலை எழுதிய ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனியோ அவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. இந்த மாதிரி நடு வழியில் புகுத்துவது இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது, பெரும்பாலான தளங்கள், நடுவில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டி அனுப்புகிற ஹெச்டிடிபிஎஸ் முறைக்கு மாறிவிட்டதுதான் காரணம். 2016 வாக்கில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' இலவசமாகச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பெரிய உதவி.

சரி, கணினியில் ஆட்வேர் ஏறிவிட்டது என்று சந்தேகம், நோட்டிபிகேஷன் பட்டியல் சுத்தமாக இருக்கிறது, எக்ஸ்டென்ஷன்களையும் எடுத்தாயிற்று, அப்படியும் வருகிறது. குரோமின் மூன்று புள்ளி மெனுவில் கடைசியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஆபீஸ் கணினியில் இருந்தால் பரவாயில்லை. வீட்டுக் கணினியில் இருந்தால், நீங்களே போட்ட ஆன்டிவைரஸ் மாதிரி ஏதாவது அதற்குக் காரணமா என்று பாருங்கள், இல்லையென்றால் ஆட்வேர் தன்னை நிர்வாகியாகப் பதிந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது எக்ஸ்டென்ஷனை நீக்கப் பட்டனே இருக்காது. அடுத்து டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' வரியைப் பாருங்கள். அது குரோம் நிரலின் பெயரோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் பிரவுசரைத் திறந்ததும் வருகிற அந்தப் பக்கம், அழித்துவிடுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை தானாக ஜன்னல் திறக்கிறது என்றால், சொன்ன நேரத்தில் நிரல்களை ஓட்டுகிற விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஏதோ பதிந்திருக்கிறது. இதையெல்லாம் கையால் தேட முடியாதவர்கள் மால்வேர்பைட்ஸ் கம்பெனியின் 'ஆட்வ்கிளீனர்' என்ற இலவசக் கருவியை, அந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டலாம், இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. குரோமுக்குள்ளேயே இருந்த கிளீனப் கருவியைக் கூகுள் 2023-ல் எடுத்துவிட்டது, அதைத் தேட வேண்டாம்.

ஃபோன் கதை வேறு. ஆண்ட்ராய்டில் பிரவுசரைத் தொடாமலே, பூட்டைத் திறந்ததும் முழுத்திரை விளம்பரம் வருகிறது என்றால் ஏதோ ஓர் ஆப்தான் காரணம். டார்ச், கியூஆர் ஸ்கேனர், போட்டோவை அழகாக்குவது, ஃபோனைச் சுத்தம் செய்வது, சின்னச் சின்ன கேம் என்று எதுவாகவும் இருக்கலாம். 2019-ல் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 'சிம்பேட்' என்று பெயரிட்டு வெளியிட்ட விவகாரத்தில் பிளே ஸ்டோரிலேயே 206 ஆப்கள், மொத்தம் சுமார் 15 கோடி டவுன்லோடு. பெரும்பாலும் வண்டி ஓட்டுகிற சிமுலேட்டர் கேம்கள். எல்லாவற்றிலும் ஒரே விளம்பர எஸ்டிகே, அதாவது ஆப் எழுதுகிறவர்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்கிற தயார் நிரல், சேர்ந்திருந்தது, ஆப் எழுதியவர்களே ஏமாந்திருக்கலாம் என்பது செக் பாயின்ட்டின் கணிப்பு. ஏறியதும் தன் ஐகானை மறைத்துக்கொள்ளும், அதனால் எந்த ஆப் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

விளம்பரம் திரையில் இருக்கும்போதே சமீபத்திய ஆப்களைக் காட்டுகிற பட்டனை அழுத்துங்கள். விளம்பரம் ஓர் அட்டையாகச் சுருங்கும், அதன் மேல் எந்த ஆப்பின் ஐகான் இருக்கிறது என்று பாருங்கள். வெறும் வெள்ளையாகப் பெயரில்லாமல் இருந்தால் உடனே செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' போய், சமீபத்தில் திறந்தவை என்ன என்று பாருங்கள், அங்கே மறைய முடியாது. நீக்க விடாமல் அடம்பிடித்தால் 'டிவைஸ் அட்மின்' பட்டியலில் அதன் அனுமதியை எடுத்துவிட்டு நீக்குங்கள். திரையைத் தொடவே விடாத அளவுக்கு விளம்பரம் கொட்டுகிறது என்றால் ஃபோனைச் சேஃப் மோடில் திறந்தால் நீங்கள் இன்ஸ்டால் செய்த ஆப் எதுவும் ஓடாது, நிதானமாக நீக்கலாம். 'மற்ற ஆப்களின் மேல் காட்டலாம்' என்ற அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அம்மா அப்பா ஃபோனில் கண்டிப்பாக. அவர்கள் ஃபோனில் ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் 'பிரைவேட் டிஎன்எஸ்' வசதி இருக்கும் (தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ்). ஆட்கார்ட் கம்பெனி இலவசமாகத் தரும் டிஎன்எஸ் முகவரியை அங்கே எழுதிவிட்டால் பல ஆப்களில் விளம்பரம் அடங்கும்.

பிரவுசருக்கு என் பரிந்துரை ரேமண்ட் ஹில் எழுதிய 'யூபிளாக் ஆரிஜின்'. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் அதில் முழு வடிவம் இனி ஓடாது, 'லைட்' வடிவம்தான். ஃபயர்பாக்ஸில் முழுதாக ஓடுகிறது, ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும். பெயரில் எழுத்து மாறாமல் பார்த்து இன்ஸ்டால் செய்யுங்கள், போலிகள் ஏராளம். விளம்பரத்தில் பிழைக்கிற நல்ல தளங்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். உண்மைதான், நீங்கள் நம்புகிற தளத்துக்கு மட்டும் தடையை எடுத்துவிடலாம், ஒரு கிளிக்தான்.

சட்டம் என்ன செய்கிறது என்றால், இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க விதிமுறை வெளியிட்டது. அதில் சொன்ன 13 வகைகளில் மறைமுக விளம்பரமும் உண்டு, வைரஸ் இருக்கிறது என்று பொய் சொல்லிக் காசு பறிப்பதும் உண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் முகவரியை மாற்றிக்கொண்டே ஓடுகிற வெளிநாட்டு விளம்பர வலைகளை இது எப்படிப் பிடிக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

இதில் மிகவும் ஆபத்தானது முழுத்திரையைப் பிடித்துக்கொள்கிற பாப்-அப். மைக்ரோசாஃப்ட் பெயரில் அலறல் சத்தத்தோடு ஒரு ஃபோன் நம்பர் காட்டும், அல்லது அரசு அமைச்சகத்தின் சின்னத்தோடு 'நீங்கள் தடைசெய்யப்பட்ட தளத்தைப் பார்த்தீர்கள், அபராதத்தைக் கார்டில் கட்டுங்கள்' என்று மிரட்டும். 2023-ல் கேரளத்தில் ஒரு பள்ளி மாணவன் இப்படி வந்த போலி அரசுப் பக்கத்தை நம்பி, பயந்து, உயிரையே மாய்த்துக்கொண்டான். கேட்கப்பட்ட தொகை 33,900 ரூபாய். பிள்ளைகளிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள்: எந்த அரசும் பிரவுசரைப் பூட்டி அபராதம் வாங்காது, என்ன பக்கம் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, திரையில் இப்படி வந்தால் எங்களைக் கூப்பிடு, திட்ட மாட்டோம் என்று. அது வெறும் ஒரு வலைப்பக்கம். எஸ்கேப் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், இல்லாவிட்டால் ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்துங்கள், அதற்கும் மசியாவிட்டால் கணினியை அணைத்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே அந்த நம்பருக்குப் பேசி, அவர்கள் சொன்ன ஆப்பை ஏற்றிவிட்டீர்கள் என்றால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். காசு போயிருந்தால் வங்கிக்கும் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண்ணான 1930-க்கும் உடனே ஃபோன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் வேறொரு ஃபோனிலிருந்தோ கணினியிலிருந்தோ பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மெயிலில் தொடங்கி.